ஆறு சுரைக்குடுவை, இரண்டிரண்டு பயறு

ஓஃபோரிவா மேடம் எந்தத் தாளைக் கையில் வாங்கினாலும் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பார். மேலே யார் என்ன எழுதியிருந்தாலும் அவருக்கு அக்கறை இல்லை. கூட்டுத்தொகை சொல்வதுதான் வேதவாக்கு. அன்று காலையும் அயிம்போகா நீட்டிய தாளின் அடியைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பானை தேறலை, அயிம்போகா."

 போங்கோ பக்கத்துக் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் அயிம்போகா எட்டு வருஷமாகக் கள வேலை பார்க்கிறாள். கினிக்கோழிக் குஞ்சு மழைக்காலத்தில் பொசுக்கென்று செத்துப்போகும் என்பது அங்கே நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். முட்டையை நாட்டுக்கோழி அடைகாத்துப் பொரிக்கும். பொரித்த கையோடு குஞ்சுகளை ஈரப் புல்லுக்குள் இழுத்துக்கொண்டு மேயப் போகும். சாயங்காலம் பாதிதான் திரும்பும். இதற்கு அயிம்போகா ஒரு வழி கண்டிருந்தாள். பீட்டோ என்ற சோளக் கள்ளைக் காய்ச்சிக் காய்ச்சி விரிசல் விட்ட பழைய பானையைப் படுக்கப் போட்டு, உள்ளே காய்ந்த புல் பரப்பி, பொழுது சாய்ந்ததும் பக்கத்தில் சுடுசாம்பல் குவித்து, முதல் நாலு வாரம் குஞ்சுகளை அதிலேயே வளர்ப்பது. ஆறு வீட்டுப் பெண்களைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்து, சில குஞ்சுகளைப் பானையிலும் மற்றதைக் கோழியோடும் விட்டு, நாலு வாரம் கழித்து எண்ணிக்கொண்டு வந்திருந்தாள்.

"பானையில இருபத்தெட்டு விட்டே, பதினாலு பொழச்சிருக்கு. கோழியோட இருபத்தஞ்சு, அதுல பதிமூணு. பாதிக்குப் பாதி. இதுக்கு எதுக்குப் பானை?" என்றார் மேடம்.

"மேடம், நான் வீட்டுக்கு வீடு போய்ப் பாத்தேன். பானை வேலை செய்யுது."

"நீ பாத்தது இருக்கட்டும். தாள் என்ன சொல்லுது?" மேடம் கெட்டவர் இல்லை. தெற்கே மலைநாட்டிலிருந்து வந்தவர், காரியக்காரர். பென்சிலால் தாளின் நடுவில் ஒரு கோடு இழுத்தார். "ஒண்ணு செய். குட்டையோர வீடு மூணும்தான் எல்லாத்தையும் கெடுக்குது. அங்க எதை விட்டாலும் சாகுது. அந்த மூணையும் எடுத்துட்டா, மிச்சம் பாறைமேட்டு வீடு மூணு. அங்க பானையில விட்ட ஆறும் பொழச்சிருக்கு. அழகா இருக்கும். பாறைமேட்டு ஊருக்கு மட்டும் பானைன்னு எழுதிடலாம். இல்லேன்னா பானையவே எடுத்துட வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை பட்டியல் போகணும்."

அந்தப் பட்டியலில் எது இருக்கிறதோ அதுதான் முப்பது கிராமங்களுக்கும் போகும். தாளைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்த அயிம்போகாவுக்கு லமீசியின் முகம்தான் கண்முன் நின்றது. லமீசி குட்டையோரத்துக்காரி. ஐந்து வருஷமாக அவள் வீட்டில் ஒரு குஞ்சுகூட மழையைத் தாண்டியதில்லை. அவளுக்குக் கைராசி இல்லை என்று நாத்தனார்காரி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இந்த வருஷம் பானையில் மூன்று பிழைத்தன. அந்த மூன்றையும் கூடையில் போட்டு நாத்தனார் வீட்டு வாசல் வழியாக வேண்டுமென்றே இரண்டு தடவை நடந்தவள் அவள். இப்போது போய், "அக்கா, உன் வீட்டைத் தாளிலிருந்தே அடித்துவிட்டோம், பானை உங்கள் பக்கத்துக்கு இல்லை" என்று எந்த வாயால் சொல்வது?

கணக்கில் சந்தேகம் வந்தால் நிலையத்தில் எல்லாரும் போகும் இடம் ஒன்றுதான். கணக்குக்காரன் பாயுவோவின் அறை. அதுதான் அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது. பாயுவோ டகாபா ஜாதி, இவள் ஃப்ராஃப்ரா. இரண்டு ஜனத்துக்கும் பாட்டன் காலத்திலிருந்து கேலிமுறை. பார்த்த இடத்தில் ஒருவரை ஒருவர் அடிமை, நாய்த்தலை என்று கூப்பிட்டு ஏசாவிட்டால் அது மரியாதைக் குறைவு. சாவு வீட்டில்கூட விடமாட்டார்கள். மச்சினன் கேலியெல்லாம் இதன் முன்னால் தூசு.

பாயுவோ மேசைமேல் காகிதத்தை விரித்துக் காராமணி வடை தின்றுகொண்டிருந்தான். "வா வா, நாய்த்தலை! எஜமானைப் பாக்க வெறுங்கையோடவா வருவே?"

"டேய் அடிமை, உனக்கு வடையே அதிகம். இதைப் பாரு."

அவன் எண்ணெய்க் கையைக் காலில் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினான். அவள் மேடம் சொன்னதைச் சொல்லி முடித்தாள். அவன் உடனே சிரிக்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"முதல்ல வீடு வீடாப் பாப்போம்" என்றான். "லமீசி வீடு. பானையில ஒம்பது, பொழச்சது மூணு. கோழியோட ரெண்டு, ரெண்டும் காலி. இதை வெச்சு என்ன சொல்ல முடியும்? பதினோரு குஞ்சுல எப்படியும் மூணுதான் பொழைக்கும்னு விதி இருந்தா, அந்த ரெண்டும் சாகற கூட்டத்துல மாட்டறதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பூவா தலையா போட்டாப் போதும். அடுத்த வீடும் அப்படித்தான். ஆறு வீடும் அப்படித்தான். தனித்தனியா எதுவும் எதையும் நிரூபிக்கல."

"சேத்துப் பாத்தா?"

"சேத்தா மேடம் சொன்னதுதான். ஒண்ணுமில்லை."

"அப்ப நான் செத்தேன்."

"இரு, சாகறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லு." அவன் விரல் தாளில் ஏறி இறங்கியது. "பாதியைப் பானையில, பாதியைக் கோழியோடன்னுதானே மேடம் சொன்னாங்க? குட்டையோரத்துல எல்லா வீட்லயும் கோழியோட ரெண்டே ரெண்டு. பாறைமேட்டுல எல்லா வீட்லயும் பானையில ரெண்டே ரெண்டு. இது என்ன கூத்து?"

அயிம்போகா தலையைச் சொறிந்தாள். "குட்டையோரத்துல போனதும் கம்புமாவு கரைச்சுக் குடுத்தாங்க. குடிச்சேன். குடிச்சப்புறம், 'எங்களுது எல்லாம் சாகுது தங்கச்சி, பானையில கூடப் போடு'ன்னாங்க. அவங்க தண்ணியைக் குடிச்சுட்டு எப்படி மாட்டேன்னு சொல்ல? ஒரு பேச்சுக்கு ரெண்டை மட்டும் கோழியோட விட்டேன்."

"பாறைமேட்டுல?"

"அவங்களுக்குப் பானையே வேண்டாம். குஞ்சு நல்லாத்தான் வளருது. ஆனா தேடி வந்தவளை வெறுங்கையோட அனுப்பறது அழகில்லைன்னு ஆளுக்கு ரெண்டு குடுத்தாங்க."

பாயுவோ மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான். வடை பொட்டலம் கீழே விழுந்தது. "உங்க ஊர் மரியாதை இருக்கே! சாகற இடத்துல எல்லாத்தையும் பானையில அடைச்சே. பொழைக்கற இடத்துல எல்லாத்தையும் கோழியோட விட்டே. அப்புறம் கூட்டிப் பாத்தா பானை எப்படி ஜெயிக்கும்? நீ பானையையும் கோழியையும் மோத விடல, குட்டையையும் பாறையையும் மோத விட்டிருக்கே!"

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆறு பானைச் சோற்றை ஒரே அண்டாவில் கொட்டிக் கிளறிவிட்டு, எது வெந்தது எது வேகவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? மேடம் அதைத்தான் செய்திருந்தார். கொட்டிக் கொடுத்தவள் அயிம்போகா.

"அப்போ என்ன வழி?"

"ஒவ்வொரு வீட்டுக் குஞ்சையும் அந்த வீட்டுக் குஞ்சோட மட்டும்தான் ஒப்பிடணும். அப்புறம் ஆறு வீட்டுச் சாட்சியையும் சேத்துக் கேக்கணும். ஒரு வீடு பானை பக்கம் சாஞ்சா அதிர்ஷ்டம். ஆறும் ஒரே பக்கம் சாயறது எவ்வளவு அதிர்ஷ்டம், அதான் கேள்வி. நான் இப்பவே கணக்குப் போட்டுடுவேன். ஆனா போட்டு என்ன பிரயோஜனம்? பானை ஜெயிச்சதுன்னு சொன்னா, நாம ரெண்டு பேரும் கூட்டுன்னு மேடம் நம்பமாட்டாங்க. தோத்ததுன்னு சொன்னா நீ நம்பமாட்டே."

அது உண்மை. ஒரு டகாபாக்காரன் ஃப்ராஃப்ராக்காரியைப் பார்த்துத் தோற்றாய் என்றால் அது கேலியா நிஜமா என்று அவளுக்கே பிடிபடாது.

"அதனால காராமணி கொண்டா" என்றான் பாயுவோ. "சிவப்பு, வெள்ளை ரெண்டும். அந்த ஆறு பொம்பளைங்களையும் சந்தை நாளன்னிக்கு இங்க வரச் சொல்லு."

மூன்று நாளுக்கு ஒரு தடவை கூடும் சந்தை அந்த வாரம் வியாழக்கிழமை வந்தது. சந்தை முடிந்த கையோடு ஆறு பெண்களும் நிலையத்து வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார்கள். வேடிக்கை பார்க்க இன்னும் இருபது பேர். யாரோ ஒரு குடம் பீட்டோவும் கொண்டு வந்திருந்தார்கள். மேடத்துக்கு மட்டும் நாற்காலி, மடியில் அயிம்போகா திருப்பிக் கொடுத்த தாள்.

பாயுவோ ஆளுக்கு ஒரு சுரைக்குடுவை கொடுத்தான். கழுத்து குறுகல், உள்ளே பார்க்க முடியாது. பிழைத்த குஞ்சுக்குச் சிவப்புக் காராமணி, செத்த குஞ்சுக்கு வெள்ளை. லமீசியின் குடுவையில் மூன்று சிவப்பு, எட்டு வெள்ளை. பாறைமேட்டு மூத்தவளின் குடுவையில் ஏழு சிவப்பு, இரண்டு வெள்ளை. இப்படி ஆறுக்கும்.

"கேளுங்க" என்று தொண்டையைக் கனைத்தான். "இப்ப பானைக்கு ஒரு சக்தியும் இல்லைன்னு வெச்சுக்குவோம். பொழைக்கறது பொழைக்கும், சாகறது சாகும். யார் பானையில இருந்தாங்க, யார் கோழியோட போனாங்கங்கறது வெறும் குலுக்கல். குலுக்கிட்டு ஆளுக்கு ரெண்டு பயறு எடுங்க. குட்டையோரத்துல எடுக்கற ரெண்டு கோழியோட போன குஞ்சு. ரெண்டும் வெள்ளையா வந்தா 'ஆச்சு'ன்னு கத்துங்க. பாறைமேட்டுல எடுக்கற ரெண்டு பானைக் குஞ்சு. ரெண்டும் சிவப்பா வந்தா 'ஆச்சு'. நிஜத்துல ஆறு வீட்லயும் ஆச்சு. குருட்டுக் குலுக்கல்ல ஆறு பேரும் சேந்து எத்தனை தடவை கத்தறீங்கன்னு பாக்கப் போறோம். நூறு தடவை."

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாத்தையும் ஒரே பாத்திரத்துல கொட்டிக் குலுக்கினா சீக்கிரம் முடியுமே பாயுவோ?"

பாயுவோ வாயைத் திறப்பதற்குள் லமீசி முந்திக்கொண்டாள். "ஏன் மேடம், குலுக்கினா என் வீட்டுக் குட்டைக் குஞ்சு பாறைமேட்டுக் குஞ்சு ஆயிடுமா? அப்படி ஆகும்னா நானே தினமும் குலுக்கியிருப்பேனே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. மடியில் இருந்த தாளை எடுத்து, இந்தத் தடவை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இன்னொண்ணு" என்றான் பாயுவோ. "ஆட்டம் முடிஞ்சப்புறம் கோட்டை நகத்தக் கூடாது. இப்பவே சொல்லிடுவோம். நூத்துல அஞ்சு தடவைக்குக் கொறைச்சலா வந்தா, இது வெறும் அதிர்ஷ்டம் இல்லை, பானை பட்டியல்ல இருக்கணும், குட்டையோரமும் இருக்கணும். அஞ்சோ அதுக்கு மேலேயோ வந்தா பானையை எடுத்துட வேண்டியதுதான். சம்மதமா மேடம்?"

"சம்மதம்."

"உனக்கு, நாய்த்தலை?"

"சம்மதம். தோத்தா நடுச்சந்தையில உன்னை எஜமானேன்னு கூப்பிடறேன்" என்றாள் அயிம்போகா. வாய் துடுக்காகச் சொல்லிவிட்டதே தவிர உள்ளே பயம்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பானை தன் யோசனை என்பதற்காகவே தன் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்ததோ என்று இரண்டு நாளாக அவளுக்குத் தூக்கமில்லை.

குலுக்கல் தொடங்கியது. முதல் தடவை இரண்டு பேர்தான் கத்தினார்கள். இரண்டாவது, நாலு பேர். மூன்றாவது, மூன்று பேர். நாலாவது தடவை ஆறு பேரும் "ஆச்சு!" என்று ஒரே குரலில் கத்த, வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்தது.

"ஒண்ணு!" என்று தரையில் கோடு போட்டான் பாயுவோ.

ஒன்பதாவது தடவை மறுபடியும் ஆறு பேரும் கத்தினார்கள். கூட்டத்துக்குக் கொண்டாட்டம். தாங்கள் எதற்குக் கத்துகிறோம் என்பதையே மறந்துவிட்டார்கள். அயிம்போகா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பத்துக்குள் இரண்டு. இந்தக் கதியில் போனால் நூறுக்கு இருபது. இந்தப் பயறுகளுக்குப் பானையும் தெரியாது, சாம்பலும் தெரியாது. ஆனாலும் அவள் தாளில் இருந்ததை அப்படியே செய்து காட்டுகின்றன.

"எஜமானேன்னு ஒரு தடவை சொல்லிப் பழகிக்கோ" என்றான் பாயுவோ. ஆனால் அவன் முகத்திலும் ஈயாடவில்லை. இரண்டாவது கோட்டை அவன் போட்டபோது கையிலிருந்த குச்சி உடைந்தது.

பிறகு ஆளாளுக்குத் தனித்தனியாகத்தான் கத்தினார்கள். இருபது தாண்டியது, முப்பது தாண்டியது, நாற்பதும் தாண்டியது. நாலு பேர், இரண்டு பேர், மூன்று பேர். ஒரு தடவை ஒருவரும் கத்தவில்லை. ஐந்து பேர் கத்தும்போதெல்லாம் ஆறாவது ஆளின் கையைக் கூட்டமே குனிந்து பார்க்கும். பீட்டோக் குடம் ஒரு சுற்று வந்தது. பாறைமேட்டு மூத்தவள் கை வலிக்கிறது என்று இடக்கைக்கு மாற்ற, "இடக்கையால எடுத்தா குஞ்சுக்கு ஆகாது!" என்று பத்துப் பேர் சண்டைக்கு வந்தார்கள். அவள் மறுபடியும் வலக்கைக்கு மாற்றினாள். மேடம் நாற்காலியை விட்டு எழுந்து குடுவைகளின் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

அறுபத்தொன்றாவது தடவை மூன்றாவது கோடு விழுந்தது.

எண்பத்தெட்டாவது தடவை ஐந்து பேர் கத்திவிட்டார்கள். பாக்கி லமீசி. அவள் குடுவைக்குள் விரலை விட்டு ஒரு பயறை எடுத்தாள். வெள்ளை.  மறுபடியும் விரலை விட்டாள், வெகுநேரம் துழாவினாள்.

"லமீசி அக்கா, பிரசவமா பாக்கறே? சீக்கிரம் எடு!" என்றான் பாயுவோ.

அவள் எடுத்தாள். சிவப்பு. அயிம்போகா தன்னை மறந்து அந்தப் பயறுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டாள்.

நூறாவது தடவை மூன்று பேர் கத்தினார்கள். பாயுவோ கோடுகளை எண்ணினான். மூன்று கோட்டை எண்ண அவ்வளவு நேரம் எந்தக் கணக்குக்காரனும் எடுத்துக்கொண்டிருக்கமாட்டான். "மூணு" என்றான். "நூத்துக்கு மூணு. அடிமைச்சி ஜெயிச்சுட்டா!"

பெண்கள் குலவையிட்டார்கள். பாறைமேட்டுக்காரிகளும்தான் இட்டார்கள், அவர்களுக்குப் பானையே தேவையில்லை, ஆனால் ஆட்டம் பிடித்துவிட்டது. அயிம்போகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஓஃபோரிவா மேடம் மட்டும் தரையில் இருந்த கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஆனா இந்த மூணு தடவை? குருட்டுப் பயறே இதைச் செஞ்சிருக்கே அயிம்போகா. நாளைக்கு முப்பது ஊருக்குப் போய்ச் சொல்லப் போறவ நீ. பானை வேலை செய்யுதுன்னு நிச்சயமாச் சொல்லுவியா?"

 ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேடம் கையெழுத்துப் போட்டுவிடுவார். வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. பாயுவோ கேலி எதுவும் சொல்லாமல் அவள் முகத்தையே பார்த்தான்.

"நிச்சயமாச் சொல்ல முடியாது மேடம்" என்றாள் அயிம்போகா. "பானை ஒரு வேலையும் செய்யலைன்னாக்கூட, நூத்துல மூணு தடவை இப்படி வரத்தான் செய்யுது. அந்தச் சந்தேகம் இருக்கு. என்னால அதை இல்லைன்னு சொல்ல முடியாது. இந்தத் தடவை ஒழுங்காப் பாதிப்பாதி விட்டு, இன்னும் நாலு வீட்ல பாத்தா இன்னும் தெளிவாத் தெரியும்."

சொன்ன மறுகணமே லமீசியின் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் தானே தட்டிவிட்டோமோ என்று இருந்தது.

லமீசி குடுவையைக் கவிழ்த்துப் பயறுகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள். எழுந்து மேடத்தின் எதிரில் வந்து நின்றாள்.

"மேடம், எனக்கு இந்தக் கணக்கு பாதிதான் வெளங்குச்சு. நூத்துல மூணு சந்தேகம்னு இவ சொல்றா. அஞ்சு வருசமா என் வீட்ல நூத்துல நூறும் சந்தேகமே இல்லாமச் செத்துச்சு. அப்ப யாரும் வந்து நிச்சயமான்னு கேக்கல. அந்த மூணு சந்தேகத்தையும் என் வீட்டுக்கே அனுப்பிடுங்க. குஞ்சோட குஞ்சா அதையும் நான் வளத்துக்கறேன்."

மேடம் கையிலிருந்த தாளை விரித்தார். நடுவில் தான் இழுத்த பென்சில் கோட்டை அழிக்க ரப்பரைத் தேடினார். கிடைக்கவில்லை. விரலில் எச்சில் தொட்டு, கோடு போகும்வரை தேய்த்தார்.